தாரை வார்ப்பதற்கு முன் ஓர் ஆப்ரேஷன்

தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு ஆகாது. அடுப்படியில் யாராவது குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினால் போதும், குடித்துக்கொண்டிருக்கும் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவேன். ஓடிப்போய் நின்றால் உடனே வந்துவிடுமா? அதுதான் இல்லை. நிற்க வேண்டும், கெஞ்ச வேண்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாய் இருக்க வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாய் வரும், பாதியில் நிற்கும். முடிந்தது என்று வெளியே வந்தால் மிச்சம் கால்சட்டையில். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

நான் ஆயர் குரோவில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன். எந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் கக்கூஸ் சுத்தம், எது எப்போதும் பூட்டிக் கிடக்கும், எங்கே சாவியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று என்னைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பஸ்ஸில் வரும் பெண்கள் சும்மா விடுவார்களா? நான் ஸ்டேஷனுக்குள் வண்டியைத் திருப்பினாலே, "அங்கிள், இப்பதானே எண்ணெய் ஊத்துனீங்க, மறுபடியுமா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே இறங்குவேன். உள்ளே போய் நின்ற பிறகுதான் எரிச்சல் வரும்.

வீட்டில் என் மனைவி இதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தாள்: சூடு. "நாள் பூரா இஞ்சின் பக்கத்துல உக்காந்தா உடம்பு சூடேறாதா?" என்று பார்லியைக் காய்ச்சிப் பெரிய பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள். ஓட்டை விழுந்த வாளிக்குத் தண்ணீர் ஊற்றினாலாவது ஒழுகும். இது அடைத்துக்கொண்ட வாளி. பார்லி உள்ளே போகப் போக என் பாடு இரண்டு மடங்கானது. நானும் எதுவும் சொல்லாமல் குடித்துத் தொலைத்தேன். ஆம்பிளைகள் நாம் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படியே இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அதற்குள் என் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாலர் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், வாய் கொஞ்சம் அதிகம். மாப்பிள்ளை வீடு சிம்பாங் அம்பாட். நல்ல பையன், நல்ல குடும்பம், எல்லாம் சந்தோஷம். நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. தாரை வார்க்க வேண்டுமே!

சில வீடுகளில் பெண்ணின் அம்மா தண்ணீர் ஊற்றுவார். எங்கள் பக்கத்தில் அப்பாதான். மாப்பிள்ளை கையின்மேல் பெண்ணின் கை, அதன்மேல் வெற்றிலை, தேங்காய், எல்லாவற்றையும் அம்மா கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்வாள். அப்பா சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி, என் பெண்ணை உங்களுக்குக் கொடுத்தேன் என்று கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு மணி நேரம் மணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவில் எழுந்து போக முடியாது. பட்டு வேட்டி, அதுவும் வெள்ளை. எதிரே எழுநூறு பேர், ஆளுக்கொரு கைப்பேசி. காதருகே சளசளவென்று தண்ணீர். இதைவிட எனக்கு ஒரு பரீட்சை யாராலும் வைக்க முடியாது.

என் மனைவியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒத்திகை பாத்துருவோம்," என்றாள் அவள். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் சொம்பைச் சாய்த்தேன். மூன்று விநாடிகூட இருக்காது. சொம்பை மகள் கையிலேயே திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மாவும் மகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறார்கள்.

"சிரிங்க, சிரிங்க. பேசாம என் அண்ணன ஊத்தச் சொல்லிடலாம்," என்றேன்.

மகள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அதெல்லாம் முடியாதுப்பா. நீங்க ஊத்தினாதான் நான் கழுத்த நீட்டுவேன். இல்லாட்டி மாப்பிள்ளைய வீட்டுக்குப் போகச் சொல்லிடுங்க," என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மறுநாளே என்னைக் காரில் ஏற்றிக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அங்கே டாக்டர் ஒரு சீனப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அட கடவுளே என்று இருந்தது. ஆனால் அந்தம்மா என்னைவிடக் கூச்சமில்லாமல் மலாயில் எல்லாவற்றையும் கேட்டார். ஒரு புனல் வைத்த மெஷினுக்குள் சிறுநீர் விடச் சொன்னார்கள். போகிற வேகத்தை அது கோடாகக் காகிதத்தில் வரைந்துவிடும். நல்லாயிருக்கிறவனுக்குக் குன்று மாதிரி ஏறி இறங்குமாம். என் காகிதத்தில் கோடு எழும்பவே இல்லை, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. டாக்டர் அதைக் காட்டி, புராஸ்டேட் சுரப்பி பெருத்துப்போய் வழியை நெரிக்கிறது, மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். மாத்திரை போட்டால் உட்கார்ந்து எழும்போது தலை சுற்றியது. பஸ் ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றலாமா? கடைசியில் ஆப்ரேஷன் என்று முடிவானது. வெளியே எங்கும் வெட்டமாட்டார்கள், சிறுநீர் போகிற வழியிலேயே கருவியை விட்டு, அடைக்கிற சதையை உள்ளுக்குள்ளேயே சீவி எடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்து வாரம் முன்னால் தேதி கிடைத்தது. ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்றார் டாக்டர். எல்லாம் சரியாக வந்தது.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

என் மனைவியின் அண்ணன் நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். நான் தேதியைச் சொன்னதும் போனிலேயே அவர் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "மச்சான்! அன்னிக்கு உங்க நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம்! அந்த நாள்ல போயி கத்தி வைப்பாங்களா? அதுவும் அந்த எடத்துல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏற்கெனவே இந்த ஆப்ரேஷன் செஞ்சா ஆம்பிளத்தனம் போயிடும்னு சொல்றாங்க," என்று ஒரு குண்டையும் போட்டார். பிறந்த ராசிக்கு எட்டில் சந்திரன் வருகிற நாள் அது. எங்கள் ஆட்கள் அன்றைக்குப் புதுத் துணிகூட எடுக்க மாட்டார்கள். எனக்கு உள்ளங்கால் வேர்த்துவிட்டது.

யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு மலாய் அம்மா. தேதியை மாற்ற என்ன காரணம் என்று கேட்டார். சந்திரனை மலாயில் எப்படி விளக்குவது? வீட்டில் விருந்து, 'கெண்டூரி' என்று சொல்லிவிட்டேன். பாவம், நம்பிவிட்டார். "பரவாயில்ல பாச்சிக்," என்று மாமா முறை வைத்துச் சொல்லி அடுத்த தேதியைக் கொடுத்தார். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகு பார்க்கிறேன், அது கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து!

மறுபடி கூப்பிட்டேன். பழைய இடத்தை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது? வரிசையில் நிற்கிறவன் தானாக விலகினால் பின்னால் நிற்கிறவன் முன்னே வரத்தானே செய்வான். அன்றைக்கு என் மனைவி என்னோடு பேசவில்லை. அண்ணனோடு பேசினாள். அவள் பேசியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. மகள் மட்டும் சத்தம் போடவில்லை. "சரிப்பா. அப்ப கல்யாணத்த தள்ளி வைப்போம்," என்றாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. எனக்காக இவள் இதையும் செய்வாள் என்று தெரிந்தபோது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. "தள்ளி வைக்கக் கூடாது. நான் தாங்கிக்குவேன்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

தாங்கிய லட்சணம் நாலே வாரத்தில் தெரிந்தது. மழைக் காலம், சளி பிடித்திருந்தது. கடையில் மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டேன். மூக்கு திறந்துகொண்டது, கீழே மொத்தமாக அடைத்துக்கொண்டது. காலை டிரிப் முடிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போய் நின்றால், ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அதைக் கேட்டுக் கெஞ்சினேன். ஊஹூம். மத்தியானத்துக்குள் அடிவயிறு உருமி மேளம் மாதிரி விறைத்துக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மா," என்று கத்தினேன், வெட்கமில்லாமல்.

மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்து காரில் போட்டுக்கொண்டு போனாள். எங்கள் குடியிருப்புத் தாமானில் வேகத்தடை எத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் நான் கத்த, அவள், "சாரிப்பா, சாரிப்பா," என்று அழ, பின்னால் உட்கார்ந்த என் மனைவி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவசரப் பிரிவில் குழாய் விட்டார்கள். அது போகும்போது வலித்ததுதான். ஆனால் பை நிறைய நிறைய எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. குழாய் விட்ட தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லாயிருக்கணும் என்று தமிழிலேயே வாழ்த்தினேன். அவர் மலாய்க்காரப் பையன். புரிந்ததோ என்னவோ, சிரித்தார்.

மாத்திரை அட்டையைக் காட்டியதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். புராஸ்டேட் பெருத்தவர்கள் கேட்காமல் தொடக்கூடாத மாத்திரையாம் அது. சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. இனிமேல் காத்திருக்க வேண்டாம், ஒருவர் ஆப்ரேஷன் தள்ளிப் போயிருக்கிறது, அந்த இடத்தில் உங்களை வைத்துக்கொள்கிறேன் என்றார். என் மனைவி பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். சந்திரன் ஒரு சுற்று முடித்து வந்திருந்தான். மறுபடி எனக்குச் சந்திராஷ்டமம். போதாததற்கு அஷ்டமி, அவர்கள் சொன்ன நேரத்தில் ராகு காலம்.

பார்க்க வந்திருந்த மச்சான் வாயைத் திறந்தார். "அண்ணே, நீங்க போயி பசியாறிட்டு வாங்க," என்றாள் என் மனைவி, அந்தத் தாளை நாலாய் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு. அவர் எழுந்து போனார்.

அந்த ஆம்பிளைச் சமாச்சாரத்தை மட்டும் கேட்காமல் விட முடியவில்லை. மனைவி பக்கத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் இழுத்து இழுத்துக் கேட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஆசைக்கும் தெம்புக்கும் ஒன்றும் ஆகாது, வெளியே வர வேண்டிய விந்து பின்பக்கமாகத் திரும்பிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், இனிமேல் குழந்தை வேண்டுமா என்று கேட்டார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் டாக்டர், இதோட போதும்," என்றாள். அந்த வார்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆப்ரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் பார்க்கலாமா என்று கேட்டேன், பாருங்கள் என்றார்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு சின்னக் கம்பி வளையம் போய்ப் போய் வருகிறது, வெள்ளை வெள்ளையாய்த் துணுக்குகள் மிதக்கின்றன. தேங்காய் துருவுகிற மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷம் என்னை ஓட ஓட விரட்டியது இந்தத் துணுக்குகளா என்று கோபமே வந்தது.

பிறகு இரண்டு நாள் மேலே தண்ணீர்ப் பைகள் தொங்க, உள்ளே கழுவிக் கழுவிக் கீழே இறங்கும். முதலில் சிவப்பாக, அப்புறம் ரோஸ் சீராப் மாதிரி, அப்புறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெரியவருக்கும் அதே ஆப்ரேஷன். ரெண்டு பேரும் காலையில் எழுந்ததும் யாருடையது வெளுப்பு என்று பார்த்துக்கொள்வோம். குழாயை எடுத்த அன்று எனக்கு எரிந்ததே ஓர் எரிச்சல், மிளகாய் பட்ட மாதிரி. ஆனால் வந்தது! நின்று, கெஞ்சாமல், சர்ரென்று வந்தது. அளக்கிற ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நர்ஸ் மிஸ்ஸியிடம் காட்டினேன். பெரியவர் கை தட்டினார். கப் வாங்கின பந்தயக்காரன்கூட அப்படி நடந்து வந்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்தபோது கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, பஸ் ஓட்டக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பிடிப்பு வருவதற்கு, அடக்குகிற மாதிரி இறுக்கி இறுக்கி விடுகிற ஒரு பயிற்சி. டிவி பார்க்கும்போது நான் அதைச் செய்தால் என் முகம் கோணுமாம், மகள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். மூன்றாம் வாரம் உடம்பு லேசானதும் திமிர் வந்துவிட்டது. வாசலில் வெயிலில் கிடந்த அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பாகப் போனது. மகள் என்னை ஒன்றும் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க மணையில உக்காரணும்னுதானே நான் இவ்வளவும் செஞ்சேன்," என்று அழுதாள். நல்ல வேளை, ரெண்டு நாளில் தெளிந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் நான் தூக்கிய கனமான பொருள் கோப்பிக் கோப்பைதான்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எல்லாரையும்விட முன்னால் போய், மணைக்கும் கழிவறைக்கும் எத்தனை அடி என்று நடந்து பார்த்தேன். ஐம்பத்து மூன்று. மனைவி பெரியவர்களுக்கான நாப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். மானம் போகிறது என்று சண்டை போட்டேன். "யாருக்குத் தெரியப் போவுது? கட்டுங்க லா!" என்றாள். கட்டிக்கொண்டேன். பட்டு வேட்டிக்குள் நடை கொஞ்சம் அகலமாகிவிட்டது, பெண்ணைப் பெற்றவன் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. குருக்கள் சொம்பை என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை கை, அதன்மேல் என் மகள் கை, வெற்றிலை, தேங்காய், கீழே தாங்கிப் பிடித்தபடி என் மனைவி. மேளம் உச்சத்துக்குப் போனது. சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் தேங்காய்மேல் விழுந்து, மகளின் மருதாணி விரல்களுக்கு நடுவே இறங்கி, தாம்பாளத்தில் சலசலத்தது. அடிவயிற்றில் சத்தமே இல்லை. மகள் நிமிர்ந்து பார்த்து, ஓகேவா என்று வாயசைத்தாள். நான் தலையாட்டினேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தண்ணீரை ஊற்றி முடிக்கிறவரை தாங்குவேனா என்று இத்தனை மாதமும் பயந்தேனே, ஊற்றி முடித்தபிறகு என்ன ஆகும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. ஊற்றி முடித்தால் அவள் சிம்பாங் அம்பாட் வீட்டுப் பெண். நாளைக்கு நான் எழுந்து வரும்போது அவள் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். சொம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். தண்ணீர் மெலிந்து இறங்கியது. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"பொண்ணோட அப்பா, சீக்கிரம் ஊத்துங்க, முகூர்த்தம் போவுது," என்றார் குருக்கள்.

என் மனைவி பயந்துபோய் என் பக்கம் சாய்ந்தாள். "என்னாங்க? வருதா?"

"இல்ல. மெதுவா ஊத்திக்கிறேன்," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மகள் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, சொம்பு காலியாயிடுச்சு," என்றார் குருக்கள்.

"தெரியும் சாமி," என்றேன். கை மட்டும் இறங்க மாட்டேன் என்றது.